மூன்று அடிக்கு மேல்

ஜூன் 7, சனி. கோவை

கிளப் செக்ரட்டரி ரோகிணி அக்கா காலையிலேயே போன் செய்துவிட்டார். "சுகந்தி, நம்ம கிளப்புல இருந்து வெளிநாட்டுப் போட்டிக்குப் போற மொதப் புள்ளை உங்க சம்முதானுங்க. அடுத்த வருசம் இன்னும் நாலு பேரு போவாங்க. என்ன எடுத்துட்டுப் போகோணும், எங்க மாட்டிக்குவாங்க, எல்லாத்தையும் தெனமும் எழுதிட்டு வாங்க. வந்ததும் புஸ்தகமாப் போட்டுக் குடுத்தறலாம்." சொன்னதோடு நிற்கவில்லை. நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றையும் டிரைவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். வசமாக மாட்டிக்கொண்டேன்.

ஆகவே, அடுத்த வருடத்துப் பெற்றோர்களே, கேளுங்கள். ஜெர்மனியில் ஹனோவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் குதிரையில் தடை தாண்டும் போட்டி. வெள்ளிக்கிழமை முதல் சுற்று, ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சுற்று. இங்கிருந்து குதிரையைக் கொண்டுபோக முடியாது. அங்கேயே ஒன்றை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். என் பிள்ளை சம்யுக்தாவுக்குப் பதினாறு வயது. அவளோடு நானும் என் வீட்டுக்காரர் தனபாலும் போகிறோம். அவர் கணபதியில் பம்ப் ஃபவுண்டரி வைத்திருக்கிறார். சம்மு ஜெயிக்க வேண்டும் என்பதில் சம்முவை விட அவருக்குத்தான் வெறி அதிகம்.

எடுத்துக்கொள்ள வேண்டியவை: வெள்ளை பேண்ட் மூன்று. (இரண்டு போதும் என்பார்கள், நம்பாதீர்கள். வெள்ளையில் எல்லாம் தெரியும்.) மழைக்கோட்டு. அந்த ஊர் பிளக்குக்குப் பொருந்தும் அடாப்டர். பால்கோவா, நெய், கறி வறுவல் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், பால் சாமானும் கறியும் அங்கே உள்ளே விடமாட்டார்கள். ஹெல்மெட்டைக் கையிலேயே தூக்கிப் போக வேண்டும். பெட்டிக்குள் போட்டு யாராவது வீசினால் உள்ளே விரிசல் விட்டுவிடும், வெளியே தெரியாது.

சம்முவுக்கு முழுக்கைச் சட்டை ஆறு. அங்கே ஜூன் மாதம் நல்ல வெயில், இருந்தாலும் முழுக்கைதான். அவளுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. ரத்தக்கட்டுக்கு ஒரு களிம்பு, ஐஸ் பை. என் நிறத்துக்கு ஃபவுண்டேஷன் இரண்டு ட்யூப், நம் நிறத்துக்கு அங்கே கிடைக்காது.

மூன்று பாஸ்போர்ட்டும் அவர் இடுப்புப் பையில் இருக்கின்றன. அவர் கையில் இருந்தால்தான் பத்திரம் என்பார்.

ஜூன் 9, திங்கள். விமானத்தில்

ஹெல்மெட்டைக் கையில் தூக்கிப் போகச் சொல்லி எழுதினேன் அல்லவா? எழுதிய நானே அதைப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டி அனுப்பிவிட்டேன். புத்தி எங்கே போனதோ! வளைகுடாவில் விமானம் மாறும்போதுதான் அவர் கவனித்தார்.

"ஹெல்மெட் எங்க?"

சம்மு முந்திக்கொண்டாள். "நாந்தான்ப்பா பெட்டில வெச்சுட்டேன்."

கழிப்பறைப் பக்கம் ஆள் இல்லாத மூலைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். கொஞ்சம் சத்தம் போட்டிருப்பார் போல. திரும்பி வரும்போது அவளது இடது காது மடல் செக்கச்செவேல் என்று இருந்தது. விமான நிலையத்து ஏசிதான். குறிப்பு: குளிருக்குக் காதுக்குல்லா எடுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டை வாங்கி இதுவரை எழுதியதை அவர் படித்தார். "நல்லாத்தான் எழுதற" என்றார்.

ஜூன் 10, செவ்வாய். ஹோட்டல்

ஊர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகவில்லை.

லாயத்துக்குப் போனோம். அன்கே என்ற பெண் நடத்துகிறார். ஐம்பது வயது இருக்கும், மண்வெட்டி பிடித்த கை. வாசலிலேயே நிறுத்தி எங்கள் காலணிகளைக் கழற்றச் சொன்னார். வேறு நாட்டுக் குதிரை லாயத்தில் மிதித்த பூட்ஸ் என்றால் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்த பிறகுதான் உள்ளே விடுவாராம். ஆகவே பூட்ஸை ஊரிலேயே நன்றாகக் கழுவிக் காயவைத்துக்கொண்டு வாருங்கள், அவமானம் மிச்சம்.

எங்களுக்குக் கிடைத்த குதிரை ஃப்ரீடா. செம்பழுப்பு நிறப் பெண்குதிரை. சம்முவின் தோளில் தலையை வைத்து மூச்சு விட்டது. என் பிள்ளை சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அவள் பல் தெரியச் சிரித்து!

குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு, தெரியுமா? போட்டி முடியும் வரை அது போட்டி அலுவலகத்தில்தான் இருக்க வேண்டும். உடம்பில் எங்கே சுழி, எங்கே தழும்பு எல்லாம் படம் போட்டுக் குறித்திருக்கிறார்கள். புதிதாக ஒரு கீறல் வந்தால் எப்படி வந்தது என்று கேட்பார்களாம். "நல்ல கூத்துடா" என்று அவர் சிரித்தார்.

ஜூன் 11, புதன்

பயிற்சி நாள். குறிப்பு: இங்கே குளியலறைத் தரை வழுக்கும். ரப்பர் செருப்பு எடுத்து வாருங்கள். நான் விழுந்து கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. பயண இன்சூரன்ஸில் பல் வைத்தியம் சேருமா என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் 12, வியாழன். லாயத்தின் பின்னால்

இந்தப் பக்கத்திலிருந்து எதுவும் ரோகிணி அக்காவுக்கு இல்லை.

நோட்டை, லாயத்துக்கு வரும் ரயிலில் விட்டுவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அதற்குக் கன்னத்தில் ஒன்று விழுந்தது. மலிவுதான். நோட்டு இனி நாப்கின் பாக்கெட்டுக்குள் இருக்கும். அந்தப் பாக்கெட்டை அவர் விரலால்கூடத் தொடமாட்டார். பதினெட்டு வருடத்தில் அவரைப் பற்றி நான் உறுதியாகத் தெரிந்து வைத்திருக்கும் ஒரே விஷயம் அது.

நேற்று நான் வழுக்கி விழவில்லை. நடந்தது இதுதான்.

பயிற்சியில் மூன்றாவது தடைக்குக் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார்கள். ஃப்ரீடா அதைப் பார்த்து மிரண்டு நின்றுவிட்டது. சம்மு அதன் கழுத்துக்கு மேலே பறந்துபோய் மணலில் விழுந்தாள். எழுந்துவிட்டாள், அடி இல்லை. அதற்குள் இவர் கம்பியைத் தாண்டி உள்ளே போய்விட்டார். சம்முவின் கையிலிருந்த சாட்டையைப் பிடுங்கினார். ஒரு கையால் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு குதிரையின் முகத்திலேயே அடித்தார். காது, கண்ணோரம், மூக்கு என்று பார்க்கவில்லை. ஃபவுண்டரியில் இரும்பை அடிக்கிற மாதிரி அடித்தார். குதிரை பின்னங்காலில் எழுந்து கத்தியது. குதிரை அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. ஏழு அடி எண்ணினேன். எண்ணுவது எனக்குப் பழக்கம்.

அன்கே ஓடிவந்து இவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிச் சாட்டையைப் பிடுங்கினார். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு தடவைக்கு மூன்று அடி. அதுவும் பின்பக்கம் மட்டும். நான்காவது விழுந்தால் போட்டியிலிருந்து வெளியே. தலையில் ஒரே அடி விழுந்தாலும் வெளியே. எண்ணுவதற்கென்றே இங்கே ஆள் இருக்கிறார்கள். இன்னொரு முறை உள்ளே கால் வைத்தால் குதிரையைத் திரும்ப எடுத்துக்கொள்வேன்." ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

இவர் "சாரி, சாரி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

அறைக்கு வந்ததும் சம்முவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னைக் குளியலறைக்குள் தள்ளினார். "ஒரு வெள்ளைக்காரி கையால என்னை அசிங்கப்பட வெச்சுட்டீங்களாடி ஆத்தாளும் மகளும்?" பின்னந்தலை முடியைப் பிடித்து வாஷ்பேசினில் மோதினார். இரண்டு முறை. பல் அப்போது ஆடியதுதான். பிறகு முகம் கழுவிக்கொண்டு, "சாப்பிடப் போலாம், பசிக்குது" என்றார். போனோம். நான் சூப் மட்டும் குடித்தேன்.

நாட்டுக்கு நாடு மனிதன் மாறுவான் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி. மதியம். மைதானத்துக் கழிப்பறை

ஒரு கூத்து நடந்துவிட்டது.

காலையில் லாயத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஃப்ரீடாவுக்குப் பேரூர்க் கோயில் குங்குமம் வைத்தேன். நம் வழக்கம்தானே? புது லாரி வாங்கினாலும் வைக்கிறோம், மிக்ஸி வாங்கினாலும் வைக்கிறோம். நெற்றியில் ஒரு பொட்டு. வயிற்றின் இரண்டு பக்கமும், சம்முவின் கால் படும் இடத்தில், என் பிள்ளை விழாமல் இருக்கட்டும் என்று கை நிறைய அள்ளிப் பூசினேன். செம்பழுப்புக் குதிரை, வெளியே தெரியவே இல்லை.

சம்மு நன்றாக ஓட்டினாள். தடைக்கு மேல் வைத்த கட்டைகளில் ஒன்றே ஒன்று விழுந்தது, நான்கு பெனால்ட்டி புள்ளி. இறுதிச் சுற்றுக்குத் தேறிவிட்டாள்! மைதானத்தை விட்டு வெளியே வரும் வாசலில் ஓர் அம்மா நிற்கிறார். பெயர் பிர்கிட். வெள்ளை முடி, நெட்டை, வெள்ளைக் கையுறை. வருகிற ஒவ்வொரு குதிரையின் விலாவையும் இரண்டு கையாலும் தடவிப் பார்ப்பது அந்த அம்மாவின் வேலை. பூட்ஸின் குதிகாலில் மாட்டும் முள்ளால் குத்தி ரத்தம் வந்திருந்தால் அந்தக் குதிரையும் பிள்ளையும் போட்டிக்கு வெளியே.

ஃப்ரீடாவைத் தடவிவிட்டுக் கையைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையும் ரத்தச் சிவப்பு.

ஐயோ, அப்போது எழுந்த கலவரம்! டாக்டர் ஓடிவந்தார். ஈரப் பஞ்சால் துடைத்தார்கள், முடியை விலக்கிப் பார்த்தார்கள். காயமே இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கைப்பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். "பவுடர். காட் பவுடர்." எனக்கு வந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். பிர்கிட் மோந்து பார்த்தார், விரலில் தேய்த்துப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், பிர்கிட்டோடு சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

மணி இப்போது மூன்று. அறைக்குக் கிளம்பச் சொல்கிறார்.

ஜூன் 14, சனி

எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து நோட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

நேற்று என்னை அடிக்கவில்லை. "தப்புப் பண்ணுனது உங்கம்மா. ஆனா அவளை அடிச்சா அவளுக்கு உறைக்காது" என்று சம்முவிடம் சொன்னார். கட்டிலில் குப்புறப் படுக்கச் சொன்னார். அவள் படுத்தாள். தலையணையை இழுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். எப்படிப் படுக்க வேண்டும், எதைக் கடிக்க வேண்டும் என்று என் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

"டிவி சத்தத்தைக் கூட்டு" என்றார் என்னிடம்.

கூட்டினேன்.

ஏதோ சமையல் நிகழ்ச்சி. ஒருவன் ரொட்டி மாவை அடித்துப் பிசைந்துகொண்டிருந்தான். திரையில் சத்தத்தின் அளவு 38 என்று காட்டியது. அதே சாட்டை. "ஒரு கட்டை எதுக்கு உளுந்துச்சு? சொல்லு. எதுக்கு உளுந்துச்சு?" கேள்விக்கு ஓர் அடி. தொடையின் பின்பக்கம், முழங்காலின் மடிப்பு. பேண்ட் மறைத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். பதினொன்று. நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்று எண்ணினேன். பெற்றவள்!

இன்றைக்குக் காலையில் அவர் காப்பி குடிக்கக் கீழே போனபோது பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு போனேன். தொடை முழுக்கக் கயிறு கயிறாகத் தடித்திருக்கிறது. இடது முழங்காலுக்குப் பின்னால் தோல் வெடித்துப் பிளந்துவிட்டது. சரியாக பூட்ஸின் மேல் விளிம்பு அழுத்துகிற இடம்.

"நாளைக்கு வேண்டாம் சாமி. காய்ச்சல்னு சொல்லீரலாம்."

"ஏறுனா கால் வலிக்கும். ஏறாட்டி அப்பா அடிப்பாரு. ஏறிக்கறேன்மா."

"வலி தாங்குவியா கண்ணு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதென்னம்மா புதுசாக் கேக்கற?"

இந்த மனிதர் என்றைக்காவது ஒருநாள் என் பிள்ளையைக் கொன்றுவிடுவார். இதை மனதுக்குள்கூட நான் சொல்லிக்கொண்டதில்லை. ஏழு வயதில் அவள் சுண்டுவிரல் ஒடிந்தபோது கதவிடுக்கில் மாட்டிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னது யார்? நான்தான். பள்ளிக்கூடத்தில் கேட்டபோது குதிரையிலிருந்து விழுந்துவிட்டாள் என்று சொன்னதும் நான்தான். குதிரையேறும் பிள்ளைக்கு அது எவ்வளவு வசதியான பொய்!

இவன் என் பிள்ளையைக் கொன்றுவிடுவான். இவன் என்று எழுதிப் பார்த்தேன். திருத்தவில்லை.

ஜூன் 15, ஞாயிறு. மாலை. ஆஸ்பத்திரி

வலது கண் மூடிவிட்டது. ஒற்றைக் கண்ணோடு எழுதுகிறேன், கோடு மேலும் கீழும் போகிறது. போகட்டும்.

இன்றைக்குக் குங்குமம் வைக்கவில்லை. பொட்டலம் கைப்பையிலேயே இருந்தது. சம்முவின் முழங்காலுக்குப் பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் பேண்ட், அதற்கு மேல் பூட்ஸ். பூட்ஸைப் போடும்போது அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனால் சத்தம் வரவில்லை. இவன் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு தடை. ஒரு கட்டைகூட விழவில்லை. தண்ணீர்த் தொட்டியை ஃப்ரீடா கண்ணை மூடிக்கொண்டு தாண்டியது போல இருந்தது. சாட்டையை என் பிள்ளை ஒரு முறைகூடத் தூக்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வெளிவாசலில் பிர்கிட். வலது பக்கம் தடவினார், கையுறை வெள்ளை. இடது பக்கம் தடவினார், சிவப்பு.

முதலில் அவர் சிரித்தார். "மறுபடியும் உங்கள் சாமிப் பவுடரா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். இவன் ஒரே எட்டில் முன்னால் வந்தான். "எஸ், எஸ்! காட் பவுடர்! மை வைஃப், ஆல்வேஸ் பவுடர்!" பிறகு, முகத்தில் இருந்த சிரிப்பு மாறாமல், என்னிடம் தமிழில்: "ஆமான்னு சொல்லு புள்ள."

தலையாட்டினேன். ஆமாம், முதலில் ஆட்டினேன். மறைத்து எழுத மாட்டேன். பதினெட்டு வருடம் ஆட்டிய தலை, அதுவாகவே ஆடிவிட்டது.

குதிரை மேலிருந்து சம்மு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. பஸ் வராது என்று தெரிந்த பிறகும் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் பார்ப்பது மாதிரி பார்த்தாள். அவளது இடது பூட்ஸின் மேல் விளிம்பிலிருந்து ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. அடி நுனியில் கூடி நின்று மணலில் ஒரு சொட்டு விழுந்தது.

கைப்பையைத் திறந்தேன். பொட்டலத்தைப் பிரித்தேன். குங்குமத்தில் விரலை வைத்து, பிர்கிட்டின் வெள்ளையாக இருந்த கையுறையில் ஓர் இழுப்பு இழுத்தேன். "திஸ் பவுடர்" என்றேன். இன்னொரு கையைத் தொட்டுக் காட்டினேன். "திஸ் பிளட். நாட் ஹார்ஸ். மை டாட்டர்." இவனைக் காட்டினேன். "ஹிம்."

என் வாழ்க்கையில் நான் பேசிய நீளமான இங்கிலீஷ் அதுதான்.

இவன் கை வந்தது எனக்குத் தெரியவில்லை. முதல் அடி கண்ணில். கீழே விழுந்தேன். முடியைப் பிடித்துத் தூக்கி இரண்டாவது, வாயில். ஆடிக்கொண்டிருந்த பல் நாக்கின் மேல் வந்து விழுந்தது. "நாயே, வெளிநாட்டுல வந்து என் மானத்தை வாங்கறயா? உன்னையும் அவளையும் இங்கயே பொதைச்சுட்டுப் போயிருவேன்!" மூன்றாவது வயிற்றில், பூட்ஸ் காலால். நான்காவது விலாவில். அத்தனை பேருக்கு முன்னால் அடித்தான். அவனுக்கே அது புதுசு, நிறுத்தத் தெரியவில்லை. ஃப்ரீடா மிரண்டு கனைத்தது. சம்மு "அம்மா!" என்று கத்திக்கொண்டே குதித்தாள், கால் மடங்கி விழுந்தாள், தவழ்ந்து வந்து என் மேல் படுத்துக்கொண்டாள். ஐந்தாவது அடி அவள் முதுகில் விழுவதற்குள் அன்கே வைக்கோல் அள்ளும் நீள முள்கரண்டியின் கைப்பிடியால் அவன் முழங்கையில் ஒன்று போட்டார். இன்னும் இரண்டு பேர் அவனை மணலில் அமுக்கினார்கள். அப்போதும் "ஃபேமிலி மேட்டர், ஃபேமிலி மேட்டர்" என்று கத்திக்கொண்டிருந்தான்.

பிர்கிட் சம்முவின் பூட்ஸைக் கழற்றினார். பஞ்சு ஊறிப்போய்த் தொங்கியது. பிறகு கத்தரியால் பேண்ட்டை வெட்டித் திறந்தார். அந்த அம்மா முப்பது வருடமாகக் குதிரைகளைத் தடவிப் பார்த்தவராம். பார்த்துவிட்டு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜூன் 17, செவ்வாய். அன்கேயின் வீடு, காலை

அன்கே ரொட்டி வெட்டிக்கொண்டிருக்கிறார். என்னால் மெல்ல முடியாது என்று எனக்கு மட்டும் பாலில் ஊறவைத்துக் கொடுத்தார்.

நேற்று போலீஸ் நிலையத்தில் மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் வந்திருந்தார். "அக்கா, நீங்கள் ஆறுதலாச் சொல்லுங்கோ. ஒருத்தரும் அவசரப்படுத்த மாட்டினம்" என்றார். தமிழ்க் குரல் கேட்டதும் அழுதுவிட்டேன். நாலு மணி நேரம் சொன்னேன். சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து டிவி சத்தம் 38 வரைக்கும் சொன்னேன். கடைசியில் பிர்கிட் எழுதிக் கொடுத்த தாளை வாசித்துக் காட்டினார்கள். குதிரைக்கு அடி விழுந்தால் எழுதுகிற அதே படிவம். அடி விழுந்த இடம் என்பதற்கு நேராகக் கண், வாய், வயிறு, விலா. அடிகளின் எண்ணிக்கை என்பதற்கு நேராக நான்கு. பதினெட்டு வருடத்தில் நான் வாங்கிய அடியை என்னைத் தவிர இன்னொருவர் எண்ணியது இதுதான் முதல் தடவை.

குதிரையின் மேல் இருந்தது குதிரையின் ரத்தம் இல்லை என்பதால் போட்டி முடிவு செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். சம்மு ஏழாவது. அவன் போலீஸ் காவலில் இருக்கிறான். இடுப்புப் பையிலிருந்த எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் போலீஸ்காரப் பெண் என் கையில் கொடுத்தார்.

காலையில் அவனுடைய அக்கா ஊரிலிருந்து போன் செய்தார். "சுகந்தி, நடந்தது நடந்து போச்சு. ஆம்பளைன்னா கை நீட்டத்தான் செய்வான். கேஸை வாபஸ் வாங்கிட்டு மூணு பேருமாச் சேர்ந்து வந்து சேருங்க. புள்ளைக்கு நாளைக்கு ஒரு கல்யாணம் காச்சின்னு வரோணுமா வேண்டாமா?"

"பாக்கலாமுங்க அண்ணி" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. என்ன செய்ய?

திரும்பினால் சம்மு நிற்கிறாள். காலில் கட்டு, கையில் ஃப்ரீடாவின் சீப்பு.

"என்ன பாக்கலாமும்மா?"

"சும்மா, அவங்க வாயை அடைக்கறதுக்குச் சொன்னேன் சாமி."

அவள் என் எதிரில் உட்கார்ந்தாள். சீப்பில் சிக்கியிருந்த குதிரை முடியை இழுத்து எடுத்தாள். பிறகு சொன்னாள், "ஃப்ரீடாவுக்கு நாலாவது அடி உளுந்தா கேக்கறதுக்கு ஆள் போட்டிருக்காங்கல்ல? எனக்கும் ஆள் இருந்துச்சும்மா. நீ இருந்த."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பேன். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அன்கே ரொட்டி வெட்டுவதை நிறுத்திவிட்டு எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார்.

ரோகிணி அக்கா, உங்களுக்குக் கடைசியாக ஒரே ஒரு குறிப்பு இருக்கிறது, இதைப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே போடுங்கள். அவரவர் பாஸ்போர்ட் அவரவர் பையில் இருக்க வேண்டும்.

இதை எழுதிவிட்டுச் சம்முவின் பாஸ்போர்ட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அரைக்கைச் சட்டை, அன்கேயின் மகளுடையது.

கையை மறுபடியும் நீட்டினாள்.

"உன்னுதும் குடும்மா."

கொடுத்துவிட்டேன்.